கதவு மூடியிருக்கிறது, எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிகிறது

கேள்வி: ஐயா, ஆரணி பக்கம் முள்ளிப்பட்டு எங்கள் ஊர். பட்டு நெசவுதான் குடும்பத் தொழில். நெய்த சேலைகளை ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்க செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினேன், 2016 மாடல். ஒரு மாதமாக எல்லாக் கதவும் சரியாக மூடியிருந்தும், கதவு திறந்திருப்பதாக மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் அணையும், பிறகு மறுபடி எரியும். ரிமோட்டில் பூட்டினால் சென்டர் லாக் விழுந்த வேகத்தில் தானே திறந்துகொள்கிறது. இடது பின் கதவின் கண்ணாடியும் சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே சேலைக் கட்டு இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் உயிரே போகிறது. ஒரு மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, "கோடு எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது" என்றார். இன்னோர் இடத்தில், "பிசிஎம் போய்விட்டது, மாற்ற 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? பிள்ளைகளையும் இதில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன்.

- ஒரு வாசகர், முள்ளிப்பட்டு

பதில்: அந்த 18,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்பு இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் விளக்கு அணைகிறது என்கிறீர்கள். குலுக்கலுக்கு வந்து போகிற பழுது, பத்துக்கு எட்டு வண்டியில் வயரிலோ கனெக்டரிலோ கதவு லாக்கிலோதான் இருக்கும். பிசிஎம் என்பது கதவு, கண்ணாடி, விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் மேய்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது கெடவே கெடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்தான்.

"கோடு இல்லை" என்ற மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவருடைய ஸ்கேனரால் அவ்வளவுதான் பார்க்க முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட், புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சட்டம் போட்டு வரவழைத்தது. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயமானது. நம் நாட்டில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. புகையோடு சம்பந்தப்பட்ட இன்ஜின் கோளாறுகளை எல்லா ஸ்கேனருக்கும் ஒரே மொழியில் சொல்ல வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். கதவும் கண்ணாடியும் அதில் சேர்த்தி இல்லை.

பழுதுக் கோடுகள் நான்கு வகை: இன்ஜின்-கியர், சேஸிஸ், பாடி, நெட்வொர்க். உங்கள் தொல்லை பாடி வகையைச் சேர்ந்தது. அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. கம்பெனியின் சொந்த ஸ்கேனரோ, பாடி பகுதிக்குள் நுழையக்கூடிய நல்ல மல்டி பிராண்ட் ஸ்கேனரோ வேண்டும். ஆகவே அடுத்த முறை, "பாடி பகுதியைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன கார்கள் பலவற்றில் கண்ணாடி மோட்டார் நேராக சுவிட்சோடு இணைந்திருக்கும், நடுவில் எந்தப் பெட்டியும் கிடையாது. அத்தகைய வண்டியில் கண்ணாடி அடியோடு நின்றாலும் எந்த ஸ்கேனரிலும் கோடு வராது.

கோடு வந்தாலும் அதை அப்படியே நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், காரணம் நம் ஊர் ஒர்க் ஷாப்களில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். "இடது பின் கதவு சுவிட்ச் சர்க்யூட்" என்று திரையில் வந்தால், அந்தச் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று மட்டுமே பொருள். சுவிட்ச், வயர், கனெக்டர், எர்த் இணைப்பு எல்லாமே அதில் அடக்கம். எது என்று கண்டுபிடிப்பது மனிதன் வேலை. கோடு இப்போது நடப்பில் உள்ளதா, பழையது பதிவாகிக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி, எது திரும்பி வருகிறதோ அதை மட்டும் துரத்த வேண்டும். சம்பந்தமில்லாமல் பத்துக் கோடுகள் வரிசையாக வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசத் தடுமாறும்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். லாக் தானே திறந்துகொள்வது தனிப் பழுது அல்ல என்றே நினைக்கிறேன். ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக பிசிஎம்முக்குச் செய்தி வந்தால், பூட்ட மறுப்பதும் பூட்டியதைத் திறப்பதும் பல வண்டிகளில் அதன் இயல்பு. ஆக, கதவு விளக்கைச் சரிசெய்தால் லாக்கும் சரியாகிவிடும். உள்விளக்கு அணையாமல் எரிந்து பேட்டரி இறங்குவதும் இதனால்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கதவைத் திறந்து அதன் ஓரத்தில் உள்ள லாக்கைப் பாருங்கள். கொக்கி போன்ற ஓர் இரும்பு நாக்கு தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அதை அழுத்தினால் டக், டக் என்று இரண்டு படியாக விழும். கதவு மூடிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். அப்போது மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு கதவாக, மற்றவை மூடியிருக்கும்போது செய்ய வேண்டும். டிக்கியை மறக்காதீர்கள். நாக்கை அழுத்தியதும் விளக்கு அணைந்தால் லாக்குக்குள் உள்ள சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கதவு சரியாகப் போய் உட்காரவில்லை என்று பொருள். பில்லரில் உள்ள லாக் கொண்டியைச் சற்றுத் தளர்த்தி நகர்த்தினால் போதும். அணையவில்லை என்றால் சுவிட்ச் அல்லது வயர். சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் கொண்டியில் மோதி லாக் உடையும். சில மாடல்களில் சுவிட்ச் லாக்குக்குள் இருக்காது, பில்லரில் ரப்பர் மூடிய பொத்தானாக இருக்கும். அதை விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது இடது பின் கதவை. கண்ணாடி நிற்பதும் அதே கதவில்தான். லாக்குக்குப் போகும் வயரும் கண்ணாடி மோட்டாருக்குப் போகும் வயரும், கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள நெளிநெளியான ஒரே ரப்பர் குழாய்க்குள் ஓடுகின்றன. சேலைக் கட்டு ஏற்றுவதும் பிள்ளைகள் ஏறுவதும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். திறந்து மூடித் திறந்து மூடி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறும். ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அந்த ரப்பரை மெல்ல வளைத்து ஆட்டட்டும். விளக்கு மினுக்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரப்பரை விலக்கி, புது வயர்த் துண்டு வைத்து, ஈயம் பற்றவைத்து, உறை போட்டுக் கொடுப்பார். வெறுமனே முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி போய் நிற்பீர்கள்.

கண்ணாடி எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அது வயர் அல்ல. பீடிங் ரப்பர் காய்ந்து பிடிக்கிறது, அல்லது கண்ணாடியைத் தூக்கும் கேபிள் தேய்ந்திருக்கிறது. இறுக்கம் அதிகமானால் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ளச் சற்று நேரம் நின்றுவிடும். ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள், கிரீஸ் வேண்டாம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரில்தான் லாக்கும் மோட்டாரும் துருப்பிடிக்கின்றன.

தண்ணீர் என்றதும் சொல்லியாக வேண்டும். 2010 ஜனவரியில் ஹோண்டா உலகம் முழுக்க சுமார் 6.46 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. கண்ணாடி சுவிட்சில் தண்ணீர் புகுந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. நம் நாட்டு சிட்டி கார்களும் அதில் உண்டு. 2015 மார்ச்சில் மாருதி, ஆல்டோ 800, ஆல்டோ கே10 கார்கள் 33,098-ஐ வலப்பக்கக் கதவு லாக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அத்தகைய அழைப்பில் உங்கள் வண்டி இருந்தால் செலவே இல்லாமல் மாற்றித் தருவார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் இது உண்டு. சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கண்ணாடி சுவிட்ச் சூடாகிறது, கருகல் வாடை அடிக்கிறது என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். 2025 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, டெஸ்லா மாடல் ஒய் 2021 கார்கள் சுமார் 1.74 லட்சத்தின் மீது விசாரணை தொடங்கியது. 12 வோல்ட் பேட்டரி இறங்கி, வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல், குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டதாகப் புகார்கள். புகார் செய்தவர்கள் யாருக்கும் முன்கூட்டி எச்சரிக்கை வரவில்லை என்பதையும் அந்த அமைப்பு பதிவு செய்திருக்கிறது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் வரும் கார்களில் சென்டர் லாக் செயலிழந்தாலும் கையால் திறக்கும் வசதி கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. ஆகவே இன்றே ஒரு முறை எல்லாக் கதவையும் பூட்டி, உள்ளே உட்கார்ந்து, நான்கையும் கையால் திறந்து பாருங்கள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். சாவியால் வெளியிலிருந்து டிரைவர் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பழுது தீரும் வரை விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடாதீர்கள். நிஜமாகவே ஒரு கதவு சரியாக மூடாத நாளிலும் அதே விளக்குதான் எரியும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதுவரை ஒவ்வொரு முறையும் இறங்கிச் சுற்றி வந்து, நான்கு கதவையும் கையால் தள்ளிப் பார்த்த பிறகே பிள்ளைகளோடு கிளம்புங்கள்.