கம்பியூட்டருக்கு மாற நல்ல மாதம் எது?

கடைக்குக் கம்பியூட்டர் போட விரும்பும் வர்த்தக சகோதரர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்த மென்பொருள் நல்லது, என்ன விலை என்பதுதான் அவர்களது கேள்வி. எப்போது மாறுவது என்று எவரும் கேட்பதில்லை. நான் நஷ்டப்பட்டது அந்த இடத்தில்தான்.

எனது புடவைக் கடையில் கம்பியூட்டர் பில் தொடங்கியபோது நோன்புப் பெருநாளுக்கு மூன்று வாரமே இருந்தது. சனம் கூடும் நேரத்தில் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்பது என் கணக்கு. ஆனால் ஸ்டோரிலிருந்த சாமானில் பாதியைக்கூடப் பதிந்து முடிக்கவில்லை. கேட்ட துணி ஸ்டோரில் கிடக்கும். திரையில் இல்லை என்று காட்டும். பையன் திரையை நம்பி வாடிக்கையாளரை அனுப்பிவிடுவான். அந்தத் துணி ஹஜ்ஜுப் பெருநாள் வரை தேங்கியது. நான் கொடுத்திருந்த செக்குகளின் திகதிகளோ அதுவரை காத்திருக்கவில்லை.

பெரிய கம்பனிகளும் இதே தவறைச் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்லட் கம்பனி 112 மில்லியன் டொலர் செலவில் புதிய கணினி முறைமையை அமைத்தது. 48 மாத வேலையை 30 மாதமாகச் சுருக்கி, 1999 ஜூலையில் இயக்கியது. ஒக்டோபர் மாத ஹலோவீன் பண்டிகைக்கான ஓடர்கள் குவியும் நேரம் அது. சரக்கு களஞ்சியத்தில் இருந்தும், சுமார் 100 மில்லியன் டொலர் பெறுமதியான ஓடர்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் இலாபம் 19 சதவீதம் வீழ்ந்தது. 2002இல் அதே மென்பொருளின் புதிய பதிப்புக்கு, நன்கு சோதித்துப் பார்த்து மாறினார்கள், சிக்கலின்றி முடிந்தது. ஆகவே குறை மென்பொருளில் இருக்கவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. வியாபாரம் மந்தமான மாதத்தில் மாறுங்கள்.

2. முழு இருப்பையும் கையால் எண்ணிப் பதிந்த பின்பே பில் தொடங்குங்கள். ஒரு சாமானுக்கு ஒரே பெயர், ஒரே இலக்கம்.

3. ஒரு மாதமாவது பழைய கொப்பியையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

4. தரவுகளின் பிரதியொன்றை தினமும் எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள். இடைக்கிடை அதை வேறொரு கம்பியூட்டரில் திறந்து பாருங்கள். கடவுச்சொல் முதலாளியிடமும் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை நான் இப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாளே கொப்பிக்கும் திரைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்தால், ஒரே துணி இரண்டு பெயர்களில் பதியப்பட்டிருந்தது. அன்றே திருத்தினோம். கொப்பி இல்லாதிருந்தால், அதை அடுத்த பெருநாளில்தான் கண்டுபிடித்திருப்பேன்.