சேன் ஜீல் நகரத்துப் பழைய வீடு

பிரெஞ்சு தேசத்தின் தென்பாகத்தில், ரோன் நதியின் கிளையாகிய சிறிய ரோனுக்கு அருகே சேன் ஜீல் என்னும் சிற்றூர் உளது. அர்ச்சியசிஷ்ட ஜீல் என்னும் துறவியின் கல்லறை அங்குள்ள மடாலயக் கோவிலில் இருத்தலின், 12-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர் திரள்திரளாக அவ்வூரை நாடி வந்தனர். ஸ்பெயின் தேசத்துக் கொம்போஸ்தெலாவுக்குச் செல்வோர்க்கும் அது தங்கு நகரமாயிற்று. யாத்திரிகர் கூடுமிடத்தில் வணிகரும் கூடுதல் இயல்பன்றோ? நாணயமாற்றுக் கடைகள் மலிந்தன. நதிவழியே மரக்கலங்களும் வந்தன. 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் ஏக்-மோர்த் துறைமுகத்தை அமைத்தபின் வணிகம் அங்குப் பெயர்ந்தது, ஊரும் சுருங்கிற்று.

அக்கோவிலின் முகப்புச் சிற்பங்களைப் புகழாதார் இலர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டதோ கோவிலன்று; அவ்வூரிலேயே நிற்கும் ஒரு வீடு. அது 12-ஆம் நூற்றாண்டிற் கல்லாற் கட்டப்பெற்ற மாடிவீடு. நான்காம் கிளேமெந்து பாப்பரசர் பிறந்த இல்லம் அதுவே என்பது ஊரார் வழக்கு.

இவருடைய இயற்பெயர் கீ பூல்குவா. நியாயவாதியாயிருந்து ஒன்பதாம் லூயி மன்னர்க்கு ஆலோசனை கூறியவர், இல்லறத்தார், மனைவி இறந்த பின்னரே குருத்துவம் பெற்றவர். 1265-ஆம் ஆண்டிற் பாப்பரசரானதும், தம் உயர்வைக் காட்டி ஆதாயம் தேடலாகாது என உறவினர் ஒருவர்க்கு எழுதினார். ரோஜர் பேக்கன் தம் பெருநூலை எழுதியனுப்பத் தூண்டியவரும் இவரே. 1268-ல் வித்தெர்போ நகரில் மரித்தார்.

இவர் சேன் ஜீலிற் பிறந்தவர் என்பது சரித்திரம். இவ்வீட்டிற் பிறந்தவர் என்பது செவிவழிச் செய்தி. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது சரித்திரம் பயில்வார்க்கு அழகன்று. ஆயினும் அச்செய்தி பிழையென்றே வைத்துக்கொள்வோம். அதனால் வீட்டின் மதிப்பு ஓர் அணுவும் குறையாதென்பதே எம் கருத்து.

ஏனெனில் அந்நூற்றாண்டின் கோவில்கள் பிரெஞ்சு தேசத்தில் மிகப் பல. குடியிருந்த வீடுகளோ மிகச் சில. கோவிலைக் காப்பதற்கு ஊரே உண்டு. வீட்டையோ, வழிவழி வருவோர் தத்தம் வசதிக்கேற்ப இடித்துக் கட்டுவர், சாளரத்தை அகற்றுவர், தளத்தை உயர்த்துவர். அவ்விதியினின்றும் தப்பியது இது. இதன் மாடிச் சாளரங்கள் இணையிணையாக அமைந்தவை. ஒவ்வோர் இணையின் நடுவிலும் மெல்லிய தூண் ஒன்று நிற்கும். உள்ளே குளிர்காயும் கணப்பு ஒன்றும் உண்டு. கண்டார் இதனை அற்பமென எண்ணற்க. அக்காலத்து எளிய மனைகளில் நடுக்கூடத்தே தீ வளர்ப்பர். புகை கூரையின் வழியே வெளியேறும். சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைபோக்கியும் அமைந்த பின்னரே மாடியிலும் தீ மூட்டி, புகையின்றி வாழ இயன்றது. செல்வர் எங்ஙனம் வாழ்ந்தார் என்பதை அரசாங்கப் பத்திரங்களினும் இவ்வடுப்பு நன்கு உரைக்கும்!

பிரெஞ்சு அரசாங்கத்தார் 1830-ல் புராதனக் கட்டடங்களுக்கென ஒரு மேற்பார்வையாளரை ஏற்படுத்தினர். 1834-ல் அப்பதவியேற்ற புரோஸ்பர் மெரிமே என்னும் நூலாசிரியர் தென்னாட்டைச் சுற்றிவந்து ஒரு நூலும் எழுதினார். 1840-ல் காக்கத்தக்க கட்டடங்களின் முதற் பட்டியல் தோன்றிற்று. 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலிற் சேர்ந்த கட்டடத்தை அதற்கு உடையவரே ஆயினும் அரசாங்கத்தின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ இயலாது.

எம் பழைய வீடும் அங்ஙனம் காப்புற்றது. பிற்காலத்தில் நகரத்தாரின் பொருட்காட்சிசாலையாகவும் ஆக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டிற் பழுதுபார்க்கப்பட்டமையின், அதன் ஒவ்வொரு கல்லையும் 12-ஆம் நூற்றாண்டினதெனக் கொள்ளுதல் தகாது; பழையது எது, புதியது எது எனப் பிரித்தறிந்தே காண்டல் வேண்டும்.