முகம் காட்டும் விளக்கு
(உரைநடை – அறிவியல் கட்டுரை)

மத்தியப் பள்ளியின் வகுப்பறை, இந்தியாவைச் சிறிதாக்கி வைத்தது போன்றது. காஷ்மீர் மாணவியின் அருகில் மணிப்பூர் மாணவன் அமர்ந்திருப்பான். பின்வரிசையில் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தவரின் மகள் இருப்பாள். ஆண்டு விழாவையோ காலை வழிபாட்டையோ காணொளியாகப் பதிவு செய்தால், இம்மூவர் முகமும் உள்ளபடியே தெரிய வேண்டும். ஒருவர் முகம் சுண்ணாம்பு பூசியது போலவும், மற்றொருவர் முகம் சாம்பல் படிந்தது போலவும் தெரியுமாயின், குற்றம் முகத்தினுடையது அன்று, பெரும்பாலும் விளக்கினுடையது. பள்ளிக்கென ஒரே ஒரு விளக்கு வாங்கப் பணம் ஒதுக்கியுள்ளார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்துச் செல்லத்தக்கதும், மின்கலத்தில் இயங்குவதும், ஆற்றல் மிக்கதுமான எல்.இ.டி. விளக்காக அது இருத்தல் வேண்டும். அவ்விளக்கை எங்ஙனம் சோதித்துத் தேர்வது?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது வாட் எண்தான். 60 வாட், 100 வாட், 200 வாட் என அது கண்ணைப் பறிக்கும். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறன். அது தரும் ஒளியன்று. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியின் மொத்த அளவை லூமன் என்றும், ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்றும் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ‘விளக்கு ஒளிர்கிறது’ என்கிறோம். ‘இங்கே வெளிச்சம் போதவில்லை’ என்றும் சொல்கிறோம். முன்னது விளக்கைப் பற்றிய பேச்சு. பின்னது இடத்தைப் பற்றிய பேச்சு. லூமனையும் லக்ஸையும் குழப்பிக்கொள்ளாதிருக்க இவ்விரு தொடர்களை நினைவில் வைத்தாலே போதும். படம் எடுப்பவருக்கு வேண்டியது இரண்டாவது.

லக்ஸ் எண்ணைத் தொலைவோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் 4,000 லக்ஸ் தரும் சிறு விளக்கு, இரண்டு மீட்டரில் 1,000 லக்ஸும் நான்கு மீட்டரில் 250 லக்ஸும் மட்டுமே தரும். நீங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கும் எதிர்த்தகவு இருமடி விதி இதுவே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிண்ணம் போன்ற எதிரொளிப்பானைப் பொருத்தி அளந்த எண்ணையே சில பெட்டிகளில் அச்சிடுவர். எதிரொளிப்பான் புதிய ஒளியை உண்டாக்குவதில்லை. பரவிச் செல்வதை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. ஆகவே இரு விளக்குகளை ஒப்பிடும்போது, இரண்டையும் எதிரொளிப்பானோடு ஒப்பிடுக. அல்லது இரண்டையும் அது இல்லாமல் ஒப்பிடுக.

அவ்வளவு ஆற்றல் எதற்கு என்று கேட்கலாம். வெறும் விளக்கின் ஒளி முகத்தில் நேராக விழுந்தால், மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியது போல் கன்னத்தில் கிடக்கும். விளக்குக்கும் முகத்துக்கும் இடையே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினால், அத்துணி முழுவதும் ஒரு பெரிய விளக்காகிறது. நிழலின் ஓரம் இளகுகிறது. துணி பெரிதாகவும் முகத்துக்கு அருகிலும் இருக்க, ஒளி மேலும் மென்மையாகும். ஆனால் துணி, ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதற்காகத்தான் கூடுதல் ஆற்றல். துணியை விளக்கின் மேல் படவிடலாகாது, எல்.இ.டி. விளக்கும் சுடும்.

இனி நிறத்துக்கு வருவோம். விளக்கைத் தேர்வதில் இதுவே தலையாயது என்பது என் கருத்து. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோசி அமானோ, சுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை, நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் நிறமாய் ஒளிரும் பூச்சைப் பூசிச் செய்யப்படுபவை. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்ணிறம் ஆகிறது. ஆனால் மலிவான பூச்சில் ஆழ்ந்த செந்நிறம் மிகக் குறைவு. மனிதத் தோலின் உயிர்ப்போ அச்செந்நிறத்தில்தான் உள்ளது. மாநிறமானாலும் கருநிறமானாலும் வெளிர்நிறமானாலும் தோலுக்கு அடியில் ஓடுவது குருதியே அன்றோ! சிவப்பு குறைந்த ஒளியில் கரிய முகம் சாம்பல் பூக்கும்; வெளிறிய முகம் பச்சை பாயும்.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் சி.ஆர்.ஐ. எனப்படும். அதன் உச்சம் 100. இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த எண், எட்டு மங்கலான நிற மாதிரிகளின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி; ஆர்9 என்பது அதன் பெயர்; அது சராசரியில் சேராது. எனவே சி.ஆர்.ஐ. 80 என்று போட்ட விளக்கின் ஆர்9 எண் சுழியை ஒட்டியும் இருக்கலாம். வகுப்பில் எட்டுப் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்று, ஒன்பதாவதை எழுதாமலே வந்தவர் போல! பெட்டியில் சி.ஆர்.ஐ. 95க்கு மேலும் ஆர்9 90க்கு மேலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 அச்சிடப்படவில்லையெனில் ஐயம் கொள்ளுங்கள். கண் காண்பதும் கேமரா காண்பதும் ஒன்றல்ல என்பதால், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2012ஆம் ஆண்டு டி.எல்.சி.ஐ. என்னும் தனி அளவையும் வகுத்தது.

கருவி ஏதுமின்றியும் சோதிக்கலாம். தக்காளி ஒன்று, அரக்குப் பட்டுத்துணி ஒன்று, வெவ்வேறு நிறமுடைய மூவரின் கைகள் ஆகியவற்றை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நண்பகலில் சன்னலோர நிழலில் ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர் அறையை இருளாக்கி, விளக்கொளியில் அவற்றையே மீண்டும் எடுக்க வேண்டும். இரு முறையும் கைப்பேசியின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தி, வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியுமாறு நாமே சரிசெய்தல் வேண்டும். தாள் வெள்ளையாகவும் தக்காளி பழுப்பாகவும் தெரிந்தால் அவ்விளக்கு வேண்டா. வெளிச்சம் குறைந்த விளக்கைப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு கிடைக்கும். ஒளியில் இல்லாத சிவப்பை எங்கிருந்தும் கொண்டுவர இயலாது. ஆகவே, சிவப்புக் குறைந்த 200 வாட்டைக் காட்டிலும் நிறம் நிறைந்த 60 வாட்டையே நான் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது நடுக்கம். பல விளக்குகளில் ஒளியைக் குறைக்கும்போது அவை மங்குவதில்லை. விரைவாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. ஒளியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, வெள்ளைச் சுவரைக் கைப்பேசியின் மெதுவியக்க முறையில் பதிவு செய்து பார்க்க வேண்டும். சுவரில் கரும்பட்டைகள் ஓடினால் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சோதிக்கும்போது அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், அவற்றில் சில நொடிக்கு 100 முறை நடுங்கும்.

விளக்கைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல், பேசுபவர் குரலோடு பதிவாகிறதா என்றும் கேட்டறிக.

மின்கலத்துக்குக் கணக்கு எளிது. 98 வாட்-மணி மின்கலத்தில் 60 வாட் விளக்கு, ஏட்டுக் கணக்கின்படி ஒன்றரை மணிக்குச் சற்று மேல் எரியும், நடைமுறையில் குறையும். சந்தையில் 98, 99 என்னும் எண்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம், 100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் மின்கலத்தை விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்லலாம் என்னும் விதியே. விடுமுறைதோறும் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணப்படும் நம் பள்ளிக் குடும்பங்களுக்கு இது பயன்படும் செய்தி. எடையைக் கேட்கும்போது விளக்கின் எடையை மட்டும் கேட்காதீர்கள்; மின்கலம், தாங்கி, பை அனைத்தையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவர் தூக்க இயலாத விளக்கு, அலமாரியிலேயே இருந்துவிடும்.

சொற்பொருள்: எங்ஙனம் – எவ்வாறு; தலையாயது – முதன்மையானது; குருதி – இரத்தம்; சுழி – பூச்சியம்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வெண்ணிறம், செந்நிறம், அவ்விளக்கு.
2. ஒரு மீட்டர் தொலைவில் 3,600 லக்ஸ் தரும் சிறு விளக்கு, மூன்று மீட்டர் தொலைவில் எத்தனை லக்ஸ் தரும்?
3. ‘கண் ஏமாறும், கேமரா ஏமாறாது.’ இத்தொடர் கட்டுரையில் எதனைக் குறிக்கிறது? மூன்று வரிகளில் எழுதுக.
4. உங்கள் வீட்டு விளக்கொன்றில் தக்காளிச் சோதனையைச் செய்து, கண்டதைத் தலைமையாசிரியருக்கு எழுதும் மடலாக வரைக. விளக்கை வாங்கலாமா, கூடாதா என்னும் உங்கள் முடிவும் அதற்கான காரணமும் மடலில் இடம்பெற வேண்டும்.