பாக்டன் குழாயும் அம்மாவின் காஸ் பில்லும்

போன எபிசோட்டில் பஃபர் பற்றிக் கதைத்தோம். டேட்டாவை அனுப்புகிறவரின் வேகமும் எடுக்கிறவரின் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் ஒரு தாங்கு இடம் வேணும் என்று சொன்னேன். இந்தக் கிழமை, கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு பெரிய பஃபரைப் பார்ப்போம். உங்கள் வீட்டு ஹீட்டிங்கோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கு.

2022 ஓகஸ்ட் 26. ஒரு சாதாரண வீட்டின் காஸ், கரண்ட் இரண்டுக்குமான ஆண்டு விலை வரம்பு ஒக்டோபரில் இருந்து 3,549 பவுண்ட் என்று ஓஃப்ஜெம் அறிவித்த நாள். முதல் வருசம் ஒக்டோபரில் அது 1,277. ரேடியோவில் கேட்ட அம்மா என்னைப் பார்த்து, "ரஷ்யாட காஸ் எங்களுக்கு வாறதே இல்லையெண்டு சொன்னவங்கள். பிறகேன் எங்கட பில் ஏறுது? நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, சொல்லு பாப்பம்" என்றா.

என்னால் சொல்ல முடியேல்லை. அம்மா கேட்டது சரியான கேள்வி. 2021-ல் பிரிட்டன் எடுத்த காஸில் ரஷ்யாவின் பங்கு 4 வீதத்துக்கும் குறைவு. விடை நோர்போக் கரையில் பாக்டன் என்ற சின்ன ஊரில் இருக்கு.

குழாய்

பாக்டனில் இருந்து பெல்ஜியத்தின் சீப்ரூக் வரை கடலடியில் 235 கிலோமீட்டர் நீளக் குழாய் ஒன்று போகுது. பெயர் இன்டர்கனெக்டர். விட்டம் 40 அங்குலம். 1998-ல் திறந்தார்கள். அப்போது வட கடலில் எங்களுக்கு காஸ் தாராளம், ஐரோப்பாவுக்கு விற்கத்தான் முக்கியமாகக் கட்டினார்கள். ஆனால் 2004-ல் பிரிட்டன் விற்பதை விட அதிகம் வாங்கும் நாடாக மாறிவிட்டது. நல்லகாலம், அந்தக் குழாய் இரண்டு பக்கமும் ஓடும்.

2006-ல் நெதர்லாந்தின் பால்கசாண்டில் இருந்து பாக்டனுக்கு பிபிஎல் என்ற இரண்டாவது குழாய் வந்தது. அது 2019 வரை இங்கே வரும் பக்கம் மட்டும்தான் ஓடியது. நோர்வேயில் இருந்து ஈசிங்டனுக்கு வரும் லாங்கலெட் இன்னும் பெரியது, சுமார் 1,200 கிலோமீட்டர்.

எப்படி ஓடுது?

காஸ் அழுத்தம் கூடிய இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்குப் போகும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது கரையில் இருக்கும் கம்பிரஸர்கள். நாட்டுக்குள் இருக்கும் பெரிய குழாய் வலை சுமார் 7,600 கிலோமீட்டர். அதில் அழுத்தம் 85 பார் அளவுக்குப் போகலாம். உங்கள் அடுப்புக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 21 மில்லிபார்தான்.

கரண்டைப் போல காஸ் ஒரு நொடியில் வந்து சேராது. பெரிய குழாய்களில் ஏறத்தாழ மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். அப்படியென்றால் மாலை ஆறு மணிக்கு லண்டன் முழுக்க ஹீட்டிங்கைப் போட்டால் என்ன நடக்கும்? குழாய்க்குள் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும் காஸ் கை கொடுக்கும். இதை லைன்பேக் என்பார்கள். குழாய்தான் பஃபர். நாங்கள் எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும், இரவில் திரும்ப ஏறும்.

கணக்கு பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு தரம். "காஸ் நாள்" காலை 5 மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் காலை 5 மணிக்கு முடியும். 2015 வரை இங்கே அது 6 மணியாக இருந்தது. ஐரோப்பாவோடு நேரம் ஒத்துப்போக வேணும் என்று மாற்றினார்கள். ஷிப்பர் என்று சொல்லப்படும் கொம்பனிகள், எவ்வளவு உள்ளே விடப்போகிறோம், எவ்வளவு எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும். அந்தக் கணக்கும் அழுத்தமும் பொருந்துதா என்று வோரிக்கில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

யார் திசையைத் தீர்மானிக்கிறது?

இதுதான் அம்மாவின் கேள்விக்கு விடை. "யாருக்குத் தேவை கூட?" என்று அந்தக் குழாய் கேட்பதில்லை. இரு கரையிலும் உள்ள விலையைப் பார்த்து, லாபம் இருக்கும் பக்கத்துக்கு ஷிப்பர்கள் அனுப்புகிறார்கள்.

யாழ்ப்பாணத்து வளவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிணறுகள் இருக்கு என்று வைப்போம். அடியில் ஒரு குழாயால் இரண்டையும் இணைத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் கிணற்றை இறைத்து வற்றப் பண்ணினால், எங்கள் தண்ணீரும் இறங்கும். நாங்கள் அவரிடம் ஒரு வாளி கூட வாங்காவிட்டாலும், எங்களுக்கும் கூடக் கயிறு வேணும். அந்தக் கயிற்றின் நீளம்தான் விலை.

2022-ல் ரஷ்யா குறைத்ததும் ஐரோப்பியக் கிணறு வற்றியது. கப்பலில் வரும் திரவ காஸை இறக்க ஜெர்மனிக்கு அந்த வருசம் டிசம்பர் வரை ஒரு முனையமும் இல்லை. பிரிட்டனுக்கு மூன்று இருந்தன: மில்போர்ட் ஹேவனில் இரண்டு, ஐல் ஒஃப் கிரெய்னில் ஒன்று. கப்பல்கள் இங்கே வந்தன, காஸ் பாக்டன் வழியாக அங்கே போனது. கோடையில் இரண்டு குழாயும் நிரம்பி ஓடின.

குழாய் நிரம்பினால் பாட்டில்நெக். அதனால் அந்தக் கோடையில் இங்கே அன்றாட விலை ஐரோப்பாவை விடக் கணிசமாகக் குறைந்த நாட்களும் இருந்தன. ஆனால் பில் குறையேல்லை. சப்ளையர்கள் குளிர்காலத்துக்கு மாதங்களுக்கு முன்பே வாங்கி வைப்பார்கள், குளிர்கால விலை ஐரோப்பாவோடு சேர்ந்தே ஏறியது. கரண்ட் விலையையும் பெரும்பாலான நேரம் காஸ் நிலையங்கள்தான் தீர்மானிக்கின்றன. அதனால் இரண்டு அடி.

அப்ப மூடிவிடலாமே?

அம்மாவும் அதைத்தான் கேட்டா. மூடுவதற்கு முதல் 2018 மார்ச் 1-ஐ நினைக்க வேணும். சைபீரியக் குளிர் வந்து பனி கொட்டிய நாள். எங்கள் பெரிய சேமிப்பான ரஃப் முதல் வருசம்தான் கைவிடப்பட்டிருந்தது. காஸ் போதாமல் போகலாம் என்று நேஷனல் கிரிட் எச்சரிக்கை விட்டது. அன்று கை கொடுத்தவற்றில் இதே குழாய்களும் இருந்தன, இங்கே வரும் திசையில். கிணற்றை இணைத்தால் இரண்டு வீட்டு வறட்சியும் இரண்டு வீட்டுக்கும்தான். எங்களிடம் சேமிப்பு குறைவு என்பதுதான் உண்மையான பலவீனம்.

2022-ல் யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றா. அது வேறு காஸ், வேறு காரணம்: நாட்டில் டொலர் இல்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் நடந்தது தட்டுப்பாடுதான். அங்கே அது வரிசையாகத் தெரிந்தது, இங்கே விலையாக. விலை என்ற வரிசையில் யாரும் தெருவில் நிற்பதில்லை. வீட்டுக்குள் ஹீட்டிங்கை நிப்பாட்டிவிட்டு, கம்பளியோடு இருப்பார்கள். அதனால்தான் அது வெளியில் தெரியாது. அரசாங்கம் பிறகு சாதாரண வீட்டுக்கு 2,500 பவுண்ட் என்று நிறுத்தியது, ஆனாலும் அம்மா அந்த மாரி முழுக்க ஒரு அறைக்கு மட்டும்தான் சூடு போட்டவ.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டு பில்லை எடுத்து, காஸ் எத்தனை யூனிட் என்று பாருங்கோ. அப்படியே அம்மா, அம்மம்மாவிடம் எந்த அறையில் ஹீட்டிங் போடுகிறவை என்று கேளுங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.