குறுந்தகடு காட்டிய கோணம்

ஒன்பதாம் வகுப்பில் நானோ வேதியியல் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஒளி நுண்ணோக்கியிலும் தெரியாது என்கிறீர்கள். அளவு மட்டும் எப்படி சார் தெரிந்தது?" எக்ஸ் கதிரால் படம் எடுப்பார்கள் என்றேன். "கை எலும்பை எடுப்பது போலவா?" என்றாள். அப்போதுதான் என் பதிலின் பிழை உறைத்தது. எலும்புப் படம் ஒரு நிழல். நானோ அமைப்பைச் சொல்வது நிழல் அன்று, கதிர் சிதறும் கோணம்.

மறுநாள் பழைய சிடி, டிவிடி, சிவப்பு லேசர் விளக்கு மூன்றையும் கொண்டுபோனேன். சிடியில் அடுத்தடுத்த தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளித் தகட்டைச் சுவர் பார்த்து நிறுத்தி, சுவரோரமிருந்து அதன்மேல் நேராக லேசரைக் காட்ட வேண்டும். (மாணவர்கள் சுவர்ப்பக்கம் நிற்கக்கூடாது, எதிரொளிக்கும் கதிரும் கண்ணைக் கெடுக்கும்.)

விளக்கைப் போடும் முன் ஊகத்தை எழுதச் சொன்னேன். தடங்கள் நெருங்கினால் புள்ளிகளும் நெருங்கும் என்றே பெரும்பாலோர் எழுதினர். பி.எட். படித்த காலத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சிடியில் முதல் புள்ளி நடுவிலிருந்து ஏறத்தாழ 22 செ.மீ. தள்ளி விழுந்தது. டிவிடியில் 90 செ.மீ. தாண்டிவிட்டது! அடுத்தடுத்த தடங்களிலிருந்து வரும் அலைகளுக்கு ஓர் அலைநீளம் பாதை வேறுபாடு இருந்தால்தான் அவை சேர்ந்து ஒளிரும். இடைவெளி குறுகினால் அந்த வேறுபாட்டைப் பெறக் கதிர் அதிகம் சாய வேண்டும்.

எக்ஸ் கதிருக்கும் இதே கணக்குதான். ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் தாமிரக் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். தசைநாணில் உள்ள கொலாஜனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுக்குள் 0.29 நானோமீட்டர் ஒழுங்கு உண்டு. அது கதிரை 31 பாகை அளவுக்குத் திருப்பும். இத்தகைய பெருங்கோணப் படங்களைக் கொண்டுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தனர். அதே இழையில் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் பட்டையும் உண்டு. அது சிதறடிக்கும் கோணமோ 0.13 பாகைதான். இதைப் பிடிப்பதே சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் முறை. நீரில் மிதக்கும் நானோ துகள்களுக்கு இப்படி ஒழுங்கு இல்லாததால் புள்ளி வராது; நடுவைச் சுற்றி மங்கும் ஒளிவட்டம் வரும். துகள் சிறியதானால் வட்டம் அகலும்.

ஒரு மீட்டர் தொலைவில் கொலாஜனின் முதல் புள்ளி எங்கே விழும் என்று கணக்குக் கொடுத்தேன். 0.154ஐ 67ஆல் வகுத்து 1000 மி.மீ.ஆல் பெருக்கி, 2.3 மி.மீ. என்று அந்த மாணவியே முதலில் சொன்னாள். உடனே அடுத்த கேள்வி: "நேராக வரும் கதிர் பக்கத்திலேயே இருக்குமே, அந்த வெளிச்சத்தில் இது தெரியுமா சார்?"

தெரியாது. அதனால்தான் உணர்கருவியைத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு சிறு உலோகத் துண்டால் நேர்க்கதிரை மறைக்கிறார்கள்.