முதல் குதிரையாகக் குட்டி வாங்கலாமா?

ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் துள்ளி நிற்கும் ஆண் குதிரைக் குட்டியைக் கண்டால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆயினும் இதுவரை குதிரை வளர்த்திராத விவசாயப் பெருமக்கள், ஏழெட்டு வயதான, சவாரிக்குப் பழகிய குதிரையை வாங்குவதே நலம். குட்டியும் பழகாதது, ஆளும் பழகாதவர் என்றால் இருவருக்கும் ஆபத்து.

குட்டியேதான் வேண்டுமெனில் வாயைத் திறந்து பாருங்கள். விற்பவர் சொல்லும் வயதைவிடப் பல் காட்டும் வயதை நம்பலாம். மேலும் கீழும் நடுவிலுள்ள இரண்டிரண்டு முன்பற்கள் சுமார் 2½ வயதிலும், அவற்றை அடுத்தவை 3½ வயதிலும், ஓரப்பற்கள் 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். எல்லாமே சிறிய, வெண்மையான பால்பற்கள் என்றால் அதன்மேல் ஏறக்கூடாது. கால் எலும்புகளைவிட முதுகெலும்பு முற்றுவதற்குக் காலம் அதிகம். ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். மூன்று வயது முடிந்த பின்னும் எடை குறைந்தவர் சிறிது நேரம் ஏறினால் போதும்.

அதுவரை கயிற்றில் பிடித்து நடத்தவும், குளம்பைத் தூக்கிக் கொடுக்கவும் பழக்குங்கள். வெல்லத்தைக் கையால் ஊட்ட வேண்டாம்; குட்டி கடிக்கப் பழகிவிடும்.

இனவிருத்திக்குத் தேவைப்படாத குட்டிக்குக் கால்நடை மருத்துவரிடம் காயடித்துக்கொள்ளவும். அதற்கு முன்பே இரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குதிரைக்குச் சிறு காயத்திலும் அந்நோய் எளிதில் பற்றும்.