பியானோத் தந்தி அறுவதேன்?

மேனாட்டு இசைக்கருவிகளுள் பியானோவைப்போல் உறுதியாய்த் தோன்றுவது பிறிதொன்றில்லை. நால்வர் கூடினும் எளிதில் நகர்த்தவொண்ணாத பாரமும், கனத்த மரப்பேழையும், உள்ளே வார்ப்பிரும்புச் சட்டமும் உடைய அக்கருவியில், ஒரு சிறுமி விரல்வைத்து வாசிக்கும்போதும் சில வேளை 'படீர்' என்னும் ஓசையோடு தந்தி அறுந்துவிடுகின்றது. அறுந்தவுடனே பார்ப்போர் இரண்டிலொன்று கூறுவர். வாசித்தவர் பேர்பெற்ற வித்துவானாயின், "என்ன வன்மை! என்ன ஆவேசம்!" என வியப்பர். மாணாக்கராயின், "முரட்டுக் கை" எனக் கடிந்து, தந்தியின் விலையையும் அவர் தலையிலேயே சுமத்துவர். நிகழ்ந்தது ஒன்றே, ஒருவர்க்குப் புகழும் மற்றொருவர்க்குப் பழியும் வந்து சேர்கின்றன. இவ்விரண்டும் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை அக்கருவியின் அமைப்பைக்கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

பியானோ தந்தியை மீட்டும் கருவியன்று. தந்தியை அடிக்கும் கருவி. இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தாரிடம் பணிபுரிந்த பார்த்தோலோமியோ கிரிஸ்தோபோரி என்பவர் 1700-ஆம் ஆண்டளவில் இதனை இயற்றினார். அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் இறகின் காம்பொன்று தந்தியைச் சுண்டும். எவ்வளவு பலமாய் அழுத்தினும் ஓசை பெரிதும் மாறாது. கிரிஸ்தோபோரி காம்பை நீக்கிச் சிறு சுத்தியை அமைத்தார். மெல்லத் தொட்டால் மெல்லோசையும், விசையோடு தொட்டால் பேரோசையும் பிறந்தன. ஓசையைப் பெருக்கும் உரிமை விரலுக்கு வந்த அன்றே தந்திக்கு ஆபத்தும் வந்தது எனலாம்.

அக்காலத்துப் பியானோவின் சட்டம் மரத்தாலாயது. தந்திகளோ மெல்லிய இரும்பும் பித்தளையும். அவை சிறிய அறைகளில் இன்னோசை தந்தன. பெரிய மண்டபங்களை நிரப்ப முயன்றவர் கையில் அவை பட்ட பாடு சிறிதன்று. பேதோவன் ஒரு நாள் மொத்சார்ட்டின் கன்சேர்ட்டோ ஒன்றை வாசித்தபோது, அருகிருந்து ஏடு புரட்டும் வேலையை அவருடைய நண்பர் அந்தோன் ரெய்ஹா ஏற்றார். தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் அறுந்தன. அறுந்த கம்பிகளுக்கிடையே சுத்திகள் சிக்கிக்கொண்டன. பேதோவனோ வாசிப்பை நிறுத்தவில்லை. ரெய்ஹா எழுந்தெழுந்து கம்பியைப் பிடுங்குவதும், சுத்தியை விடுவிப்பதும், இடையிடையே ஏடு புரட்டுவதுமாய் இருந்தாராம். வாசித்தவரைக் காட்டிலும் தாமே மிகுதியாய் உழைத்ததாக அவர் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவு கூர்ந்தார்.

இதனினும் பேர்பெற்றவை பிரான்ஸ் லிஸ்த் என்னும் ஹங்கேரி நாட்டு வித்துவானைப் பற்றிய செய்திகள். 1838-ஆம் ஆண்டில் தானூப் நதி பெருகிப் பெஸ்த் நகரத்தை அழித்தபோது, துன்புற்றோர்க்கு உதவும்பொருட்டு அவர் வியன்னாவில் கச்சேரிகள் நடத்தினார். அவர் வாசித்த மேடைகளில் தந்திகளும் சுத்திகளும் முறிவது புதுமையன்று. ஒன்று கெட்டால் மற்றொன்றில் வாசிக்க வேறு பியானோவையும் ஆயத்தமாய் வைப்பதுண்டு. கேட்போர் தந்தி அறுவதையே எதிர்நோக்கி வந்தனர் போலும்! அவர் கைக்குத் தப்பி நின்றது பேஸன்டோர்பர் சாலையார் செய்த பியானோ என்று ஒரு கதை இன்றும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், லிஸ்தின் வன்மையைக் கூறுவோர் அக்காலத்துக் கம்பியின் மென்மையைக் கூறாது விடுதல் நடுவுநிலையாகாது.

அம்மென்மைக்குத் தீர்வு இசைவாணரிடமிருந்து வரவில்லை. உலோகத் தொழிலாளரிடமிருந்தே வந்தது. பாஸ்டன் நகரத்து அல்பியஸ் பாப்காக் 1825-ல் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்திற்கு உரிமை பெற்றார். அந்நகரத்து ஜோனஸ் சிக்கரிங் 1843-ல் பெரிய படுக்கைப் பியானோவிற்கும் அத்தகைய சட்டத்தை அமைத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருக்குக் கம்பி இழுக்கும் தொழிலும் சிறந்தோங்கியது. சட்டம் வலுத்தமையால் தந்தியைத் தடிப்பாக்கவும், தடித்த தந்தியை மிகுதியாய் இழுத்துக் கட்டவும் இயன்றது. இக்காலத்துப் பெரும்பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 தந்திகள் உள. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 160 இராத்தல் பாரத்தைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையைத் தாங்கி நிற்கின்றது. எல்லாவற்றையும் கூட்டினால் 18 முதல் 20 டன் வரை ஆகும். ஒருவரும் தொடாது மூடிவைத்த பியானோவும் இரவுபகலாக இப்பாரத்தைச் சுமந்தே நிற்கின்றது.

"இன்னும் தடித்த தந்தியை இட்டால் அறாதன்றோ?" என்று வினவலாம். வினா நன்றே, விடைதான் வியப்பானது. தந்தியின் நீளம், இழுவிசை, எடை ஆகியவற்றிற்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636-ல் வெளியிட்டார். அவ்விதியின்படி, நீளமும் சுருதியும் மாறாதிருக்கத் தடிப்பை மட்டும் கூட்டினால், அதே அளவிற்கு இழுவிசையையும் கூட்டவேண்டும். தாங்கும் ஆற்றல் எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவிற்குச் சுமையும் வளர்ந்துவிடும். ஆகவே ஒரு தந்தி எந்தச் சுருதியில் அறும் என்பதை உறுதி செய்வன அதன் நீளமும் உலோகத்தின் தன்மையுமே, தடிப்பன்று. உச்ச ஸ்தாயியின் கடைசித் தந்தி இரண்டு அங்குல நீளமே உடையது. விநாடிக்கு 4186 முறை அதிர்வது. நல்ல உருக்கும் அவ்விடத்தில் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் செலவிட்டே நிற்கின்றது.

நிற்க, அறுந்த தந்தியைக் கையிலெடுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். சுத்தி படும் இடத்தில் அது அறுவது அரிது. பிரடையாணியில் சுற்றிய இடத்திலோ, குதிரையின்மீது வளையும் இடத்திலோ, பெரும்பாலும் சுத்திக்கு அருகில் தந்தியை அழுத்திப் பிடிக்கும் இரும்பு விட்டத்தின் அடியிலோ, துளையிட்ட பித்தளைத் தாங்கியிலோதான் அறுந்திருக்கும். வளைந்த இடமே நலிந்த இடம். சுத்தி அடிக்குந்தோறும் அவ்வளைவு அணுவளவு விரிந்து மடங்கும். மெல்லிய தகட்டுத் துண்டை ஒரே இடத்தில் பல முறை மடக்கி ஒடிக்கும் சிறுவர் செயலை இதற்கு ஒப்பிடலாம். இரயில் வண்டிகளின் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்திலேயே நாளடைவில் முறிவதைக் கண்டு, ஜெர்மானியப் பொறியாளர் அவுகுஸ்த் வேலர் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தது இவ்வுலோகக் களைப்பையே. இலட்சக்கணக்கான அடிகள் சேர்ந்து செய்த செயலைக் கடைசி அடி வெளிப்படுத்துகின்றது. அந்நேரத்தில் கட்டையின்மேல் எவர் விரல் இருந்ததோ அவர் பெயர் கெடுகின்றது!

அங்ஙனமாயின் வாசிப்போர்க்குப் பங்கில்லையோ எனின், உண்டு. கட்டை கீழிறங்கும் ஆழம் முக்கால் விரற்கடையினும் குறைவு. அதற்குள் சுத்தி அதனினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாய்ப் பாய்கின்றது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே அது கட்டையின் பிடியினின்று விடுபட்டு, எறிந்த கல்லைப்போல் தானே சென்று அடித்து மீள்கின்றது. ஆதலின் விரலால் ஆவது சுத்தியின் வேகம் ஒன்றே. கட்டை அடித்தளத்தில் பட்ட பின்னும் தோளையும் முதுகையும் சேர்த்து அழுத்துவோர், மரத்தோடு மல்லுக்கு நிற்கின்றனர். அவ்வழுத்தம் தந்திக்குச் சென்று சேர்வதில்லை. வேகத்தை அளவின்றிக் கூட்டினால் ஓசை சிறிதே பெருகும். கரகரப்பும் தந்தியின் தேய்வும் மிகப் பெருகும்.

சுத்தியின் குற்றமும் இதனோடு சேரும். அதன் தலையிலுள்ள அமுக்கிய கம்பளி, நெடுநாள் அடிபட்டுத் தழும்பேறிக் கல்லைப்போல் இறுகிவிடும். இறுகிய சுத்தி தந்தியைக் கூர்மையாய்த் தாக்கும். அதனை அரத்தாள்கொண்டு தேய்த்தும் ஊசியால் குத்தியும் மென்மையாக்குதல் வேண்டும். ஒரே கட்டையில் தந்தி மீண்டும் மீண்டும் அறுமாயின், வாசிப்போரைக் கேட்குமுன் சுத்தியையும் தாங்கியின் விளிம்பையும் பார்ப்பதே முறை. கடற்காற்று வீசும் ஊர்களில் துருவும் பெரும்பகையாம். துருப்பிடித்த பழந்தந்தி, வாசிக்கும்போது அறுவதைவிடச் சுருதி சேர்ப்போர் ஆணியைத் திருகும்போது அறுவதே மிகுதி. பல்லாண்டு கவனியாது சுருதி தாழ்ந்துபோன பியானோவை ஒரே நாளில் உயர்த்த முயல்வோர் இதனை நன்கறிவர்.

தந்தி அறுந்தால் உடனே வாசிப்பை நிறுத்தல் நலம். தளர்ந்த கம்பி அயலிலுள்ள சுத்திகளில் சிக்கும். அதன் முனை கூரியதாகலின் முகத்தை அருகே கொண்டுபோதல் கூடாது. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள் உள்ளமையால் ஓசை முற்றும் நின்றுவிடாது. ஆயினும் பெரும்பாலான பியானோக்களில் ஒரே கம்பி பின்புறத்து ஆணியைச் சுற்றி மீண்டு இரண்டு தந்திகளாய் நிற்பதால், ஒன்று அறுந்தால் இரண்டு போம். அவற்றுள் ஒன்று அடுத்த கட்டைக்கு உரியதாயும் இருக்கலாம். ஒரு கட்டையை அடிக்க மற்றொன்றும் மெலிந்து ஒலிப்பதன் காரணம் இதுவே. பழைய கம்பியின் தடிப்பை நுண்ணளவியால் அளந்து அதே தடிப்பில் புதியது இடவேண்டும். செம்பு சுற்றிய மந்தரத் தந்தியானால், முறிவு ஆணிக்கருகில் இருக்குமிடத்துப் புதுக்கம்பித் துண்டொன்றை முடிச்சிட்டு இணைத்தலே சிறந்தது. முழுதும் புதிய தந்தி தன் பழைய தோழர்களுக்கிடையே தனித்துக் கணீரென ஒலிக்கும். இழுத்துக் கட்டிய புதுக்கம்பி சில வாரங்கள்வரை நீண்டுகொண்டே இருக்குமாதலால், நாள்தோறும் சுருதி இறங்கும். நிலைபெறும்வரை அதனைப் பலமுறை கூட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.